மகளின் ரிவோல்வருக்குக் கொடிகாமத்தில் ஒரு பிடி

1

பன்னிரண்டு வருடமாக ஒரு மனிதர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த நிம்மதியை, உள்ளங்கை அளவான இரண்டு மரத்துண்டுக்காக நான் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முழுதாகக் கெட்டுவிட்டதா, கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் வேறு கதைகளும் வரும். வராமல் எழுத எனக்குத் தெரியாது. உப்பு எங்கே என்று கேட்டால்கூட நான் ஆனையிறவு உப்பளத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று சாந்தி சொல்லுவாள். சாந்தி என் மனைவி.

சுவிற்சர்லாந்துக்கு வந்து இந்த வருடத்தோடு முப்பத்தைந்து ஆண்டு. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஒரே மகள், பெயர் ஆரணி, வயது இருபத்தாறு. பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் வார்த்துக் கொடுக்கும் தொழிற்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் பரதநாட்டியத்துக்கு அனுப்பினோம். முழங்காலில் நோவென்று விட்டாள். வயலினுக்கு அனுப்பினோம். கழுத்தில் நோவென்று விட்டாள். கடைசியில் விடமாட்டேன் என்று அவள் பிடித்துக்கொண்டது, எங்கள் ஊர்த் துவக்குச் சுடும் கழகத்தை.

இங்கே சின்னக் கிராமத்துக்கும் ஒரு சுடுதளம் இருக்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் படபடவென்று கேட்கும். நான் வந்த முதல் சனிக்கிழமை அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டேன். வீட்டுக்காரப் பெண்மணி கதவைத் திறந்து, குனிந்து பார்த்து, என்னவோ கேட்டார். பாஷை தெரியாத காலம். வெட்கத்தில், செருப்புத் தேடுகிறேன் என்று சைகை காட்டினேன். பாவம், அவரும் முழந்தாளிட்டு என்னோடு சேர்ந்து தேடினார். செருப்பு என் காலில் இருந்தது.

அந்தச் சத்தத்தை இப்போது என் மகள் போடுகிறாள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. எனக்கு இந்த நாடு குடியுரிமை தரப் பதினாறு வருடம் எடுத்தது. மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். குப்பையை எந்தக் கிழமையில் வெளியே வைக்கிறாய், அயலவருக்கு வணக்கம் சொல்லுகிறாயா, எங்கள் மலைகளில் இரண்டின் பெயர் சொல்லு. அவளுக்கு ரிவோல்வர் வாங்கும் அனுமதிப் பத்திரம் இரண்டே கிழமையில் தபாலில் வந்தது. அந்தக் கடதாசியைக் குசினி மேசையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பினேன்.

"ஏன் அப்பா அப்பிடிப் பாக்கிறீங்கள்?"

"உன்னட்டைக் குப்பையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

ரிவோல்வர் வீட்டுக்கு வந்து, கீழ்த்தள அறையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டது. அந்த வருடம் ஆயுத பூசைக்கு ஆரணி வெகு அப்பாவியாகக் கேட்டாள். "அம்மா, இதையும் சாமிக்கு முன்னாலை வைப்பமா? ஆயுதம்தானே?"

சாந்தி அகப்பையோடு திரும்பினாள். "உது என்ரை சாமியறைக்குள்ளை வந்தா நான் வெளியாலை போறன். முருகன் வேலோடை நிக்கிறார். அவருக்கு அதே காணும், போதும்."

2

ரிவோல்வர் பழையது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கழகத்து ஆள் அவளுக்கு விற்றது. அந்த மனிதருக்குக் கை கொடுத்தால் என் கை மணிக்கட்டுவரை காணாமல் போகும். அந்தக் கைக்கென்று கடைந்த பிடி. ஆரணிக்கு வாய்த்ததோ என்னுடைய கை. குட்டை விரல், சின்ன உள்ளங்கை. விசையை எட்டுவதற்கு அவள் கையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிப் பிடித்தால் வெடிக்கும்போது அடி பெருவிரல் மூட்டில் விழும். குண்டெல்லாம் இடப்பக்கம் போகும். சனிக்கிழமைதோறும் வீங்கிய மூட்டோடு வந்து ஐஸ் வைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு உள்ளூரச் சந்தோசம். "நோவெண்டால் விட்டிடு பிள்ளை. டான்ஸை விட்டனி, வயலினை விட்டனி."

"இதை விடமாட்டன் அப்பா. பிடியை மாத்தினாச் சரி."

பிடியை மாற்றினால் சரி. சொல்ல எவ்வளவு லேசு! ரிவோல்வரின் கைப்பக்கம் இருப்பது ஓர் இரும்பு எலும்பு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு மரக் கன்னங்கள். குறுக்கே ஒரு திருகாணி. எலும்பின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊசி, கன்னங்களின் உட்பக்கத் துளைக்குள் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்கு எங்கள் வீட்டில் எட்டு மாதம் போனது.

முதலில் இணையத்தில் ஒரு ரப்பர்ப் பிடி வந்தது. அது அடிப்பக்கம் சதுரமான எலும்புக்குச் செய்தது, இவளுடையது உருண்டை. பூட்டிப் பார்த்தால் பின்னால் விரல் நுழைகிற இடைவெளி. திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணம் சொல்ல ஆறு கட்டம் இருந்தது. நிறம் பிடிக்கவில்லை என்பதற்குக்கூட ஒரு கட்டம். எலும்பு உருண்டை என்பதற்கு இல்லை. நிறம் பிடிக்கவில்லை என்று போட்டோம். அதே பிடி வேறு நிறத்தில் வந்தது.

இரண்டாவது, உருண்டைக்கே செய்தது. ஆனால் எலும்பின் முதுகையும் சேர்த்துப் போர்த்தியிருந்தது. முதுகில் ரப்பர் ஏறினால் கை இன்னும் பின்னுக்குப் போகும், விசை இன்னும் தூரமாகும். இருந்ததைவிட மோசம். அவளுக்கு வேண்டியது முதுகு இரும்பு வெறுமனே தெரிய, இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒட்டியிருக்கிற கன்னங்கள்.

நானும் உதவி செய்கிறேன் என்று கிளம்பினேன். கைக்கு அளவெடுத்துச் செய்து கொடுக்கும் ஒருவருக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினேன். முப்பத்தைந்து வருடப் பாஷை. மரக் கன்னம் என்று எழுதவேண்டிய இடத்தில், சட்டம் துவக்கின் பாகமென்றே கணக்கெடுக்கிற ஒரு சொல்லை எழுதிவிட்டேன். அனுமதிப் பத்திரத்தின் பிரதி, அடையாள அட்டை, வதிவிடச் சான்றிதழ் எல்லாம் அனுப்பும்படி பதில் வந்தது.

"அப்பா, நீங்கள் மரம் கேக்கேல்லை. துவக்கிலை பாதியைக் கேட்டிருக்கிறீங்கள்."

திருத்தி எழுதினோம். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்.

பொறுக்க முடியாமல் ஆரணி தன் தொழிற்கூடத்திலேயே ஒன்று செய்தாள், பொய்ப்பல்லின் முரசுக்கு, அதாவது ஈறுக்கு, ஊற்றுகிற ரோஸ் நிறப் பசையில். பார்க்க அசல் முரசு. "இது கடிக்குமா?" என்று கழகத்தில் கேட்டார்களாம். நாலாவது சனிக்கிழமை திருகாணி ஓட்டையிலிருந்து குறுக்கே வெடித்துப் போனது.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்க மாட்டாமல் சொன்னது. "ஊரிலை செய்விப்பம்."

எங்கடை ஆட்களுக்கு ஒரு குணம். இங்கே ஆயிரம் கடை இருந்தாலும், சாறிச் சட்டை தைப்பதென்றாலும் மூக்குக் கண்ணாடி மாற்றுவதென்றாலும் ஊருக்குப் போகும்வரை பொறுத்திருப்போம். என் கண்ணாடி கொடிகாமம், என் கடைவாய்ப் பல் யாழ்ப்பாணம். மகள் பல் செய்கிறவள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குணத்தில், துவக்கின் பிடியும் எனக்குச் சாறிச் சட்டைபோலவே பட்டது.

ஆரணி ஆர்வத்தோடு இரண்டு சாமான் செய்து தந்தாள். ஒன்று, கைப்பக்க எலும்பின் அளவுக்கு வெள்ளைச் சாந்தில் வார்த்த அச்சு. மற்றது, பல் அச்செடுக்கும் மெதுபசையைப் பூசி, தனக்கு வசதியாக எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படியே இறுக்கிப் பிடித்து எடுத்த கைப்பதிவு. ஐந்து விரலும் உள்ளங்கை ரேகையும் அதில் இருந்தன. இரண்டையும் துவாயில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன்.

3

அம்மாவின் திவசத்துக்காகப் போன பயணம். நல்லூர்த் திருவிழாக் காலமும்கூட. கொடிகாமத்தில் தங்கச்சி வசந்தி வீட்டில் தங்கினேன். சனங்கள் சொல்லுகிற நல்ல சொல்லுகளை எழுதிவைக்க என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் பாதி வசந்தியின் வாயிலிருந்து வந்தது. வீதியில் தண்ணீர்ப் போத்திலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த எங்களைப்போன்ற வெளிநாட்டு ஆட்களைப் பார்த்து, "இவை சாமி கும்பிட வந்தவையோ, போத்திலுக்குக் காத்துக் காட்ட வந்தவையோ?" என்றாள். அன்றைக்கே எழுதிவிட்டேன்.

அவள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி ஓர் ஓடாவியார் இருந்தார். பெயர் தயாளன். தகரக் கொட்டகையில் கதவு, நிலை, யன்னல் செய்கிறவர். நாற்பது வயதைத் தாண்டியவர். பத்துச் சொல் கேட்டால் ஒரு சொல் சொல்லுகிற ஆள். எனக்கு அப்படியானவர்களைக் கண்டால் விருப்பம், இடைவெளியை நானே நிரப்பிக்கொள்ளலாம்.

வசந்தியிடம் ஒரு சொல் கேட்காமல் நேரே போனேன். துவாயைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

"என்ன அண்ணை இது?"

"ரிவோல்வர்ப் பிடி தம்பி. என்ரை மகள் சுடுறவள். வலு கெட்டிக்காரி. கைக்குத்தான் பிடி பொருந்துதில்லை."

கொட்டகைக்கு முன்னால் ஓடுகிற ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். என் குரல் அப்படி. தயாளன் சாந்து அச்சைப் பார்த்தார். பிறகு ஒழுங்கையைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்து அச்சின் மேல் போட்டார். தூசி படக்கூடாதென்று போடுகிறார் என்று நினைத்தேன்.

"என்ன மரம் நல்லது தம்பி? முதிரை?"

"முதிரை மெல்லிசாச் சீவினா வெடிக்கும்."

"பனை?"

"சிலாம்பு கையிலை ஏறும்." மூலையில் கிடந்த ஒரு கட்டையைக் காட்டினார். "பூவரசுதான் கைக்கு இதம். அடியும் தாங்கும்."

"அப்ப பூவரசு. செய்து தருவியளோ?"

"பாப்பம் அண்ணை."

முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லாத மரியாதைதான் அது. ஊரில் இருந்த காலத்தில் எனக்கும் விளங்கியிருக்கும். இப்போது நான் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு, அவருடைய நம்பரையும் வாங்கி, வீட்டுக்கு வந்த கையோடு பதினாலு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரிவோல்வரின் இடப்பக்கம், வலப்பக்கம், திருகாணி, ஊசி. ஆரணி காதுமூடி போட்டுக்கொண்டு குறிபார்க்கிற படமும் ஒன்று.

4

பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்த வசந்தி கேட்டாள். "காலமை எங்கை போனனி?"

"தயாளனிட்டை."

"என்னத்துக்கு?"

சொன்னேன். அவள் தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கத்தைப் பனிக்குள்ளை உனக்கு மூளையும் உறைஞ்சு போச்சோ? இந்தப் பக்கத்திலை எத்தினை ஓடாவி இருக்கினம். போயும் போயும் அந்த மனிசனிட்டையோ துவக்குப் பிடி செதுக்கக் குடுத்தனி?"

பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சண்டை முடிந்ததும் இயக்கத்து ஆள் என்று தயாளனை ஆமி கொண்டுபோய் முகாமில் வைத்திருந்தது. புனர்வாழ்வு முடித்து வெளியே விட்டார்கள். விட்ட பிறகும் மாதாமாதம் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் வருவார்கள். யார் வருகிறார்கள், யார் அனுப்புகிறார்கள், யாரோடு கதைக்கிறாய். அவருடைய கலியாண வீட்டுக்கும் வந்து, பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு, வந்தவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்களாம். அது மாதத்துக்கு ஒருக்கா என்பது இரண்டு மாதத்துக்கு ஒருக்காவாகி, நாலு மாதமாகி, இப்போது திருவிழாக் காலத்தில் தலையைக் காட்டுவதோடு நின்றிருந்தது.

"ஒண்டரை வருசமாத்தான் அந்த மனிசன் ஒழுங்கையைப் பாக்காமல் மரத்தைப் பாத்து வேலை செய்யுது. அதைக் கெடுத்துப் போடாதை" என்றாள். அதைக் கொப்பியில் எழுத எனக்குக் கை வரவில்லை.

விடிந்ததும் ஓடினேன். சாமானைத் திருப்பி வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுதான் எண்ணம். போனால், பூவரசுத் துண்டொன்று ஏற்கனவே இரண்டாகப் பிளந்து மேசையில் இருந்தது. தயாளன் ஆரணியின் கைப்பதிவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வேண்டாம் விடுங்கோ. எனக்குத் தெரியாமல் போச்சு."

"வசந்தியக்கா சொல்லிப்போட்டாவோ?" மெல்லச் சிரித்தார். "வேண்டாமெண்டு திருப்பித் தரத்தான் அண்ணை நானும் இருந்தனான். பேந்து இதைப் பாத்தன். இஞ்சை பாருங்கோ, பிள்ளை பெருவிரல் அடியிலை மட்டும் பசையை அமத்தேல்லை. நோகிற இடத்தை ஒதுக்கிப் பிடிச்சிருக்கு. கண்ட பிறகு விட மனம் கேளாது."

"ஆரும் வந்தால்?"

"அந்தப் படங்களை அழிச்சுப்போட்டன். நீங்களும் அழியுங்கோ. இனி இது ஒரு பிடி, அவ்வளவுதான்."

இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விளக்குக் கரியைச் சாந்து அச்சில் தடவி, மரத்தின் உட்பக்கத்தை அதில் வைத்து அமர்த்தி எடுப்பார். கரி பட்ட இடம் மேடு. அதை மட்டும் உளியால் ஒரு தும்பளவு எடுப்பார். மறுபடி கரி, மறுபடி அமர்த்தல். பொய்ப்பல் கடிக்கிறதா என்று பார்க்க ஆரணி நீலக் கடதாசியைக் கடிக்கக் கொடுப்பதும் இதே வேலைதான். நான் அதைச் சொன்னபோது அவர் உளியை நிறுத்திக் கேட்டார். "அப்ப பிள்ளைக்கு இந்த வேலை விளங்கும், என்ன?" முதல்முறையாக அவராக ஒரு கேள்வி கேட்டது அது.

5

மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணியிருக்கும். ஒரு மோட்டார்சைக்கிள் கொட்டகை வாசலில் நின்றது. இரண்டு பேர், சிவில் உடுப்பு. ஒருவர் மோட்டார்சைக்கிளோடு நின்றுவிட்டார், மற்றவர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பழகியெடுத்த தமிழ், மரியாதையான பேச்சு.

தயாளன் எழும்பினார். கையிலிருந்த உளியைக் கூர் தன் பக்கம் பார்க்கும்படி மெதுவாக மேசையில் வைத்தார். அதை யாரோ பழக்கியிருக்க வேண்டும்.

"தயாளன், சுகமா? வேலை எப்படி?"

"பறவாயில்லை சேர்."

வந்தவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். நிலைக் கட்டையைத் தட்டினார். பூவரசுக் கன்னம் ஒன்றைக் கையில் எடுத்தார். "இது என்ன?"

தயாளன் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

என்னுடைய முப்பத்தைந்து வருடத்தையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனால் ஒரு கடதாசி கேட்பார்கள், நான் மூன்று கொடுப்பேன். ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதுதான் அகதிக்கு அரண் என்று பழகிப்போனவன். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். சேர், இது என்னுடையது, ரிவோல்வர்ப் பிடி, என் மகளுக்கு, சுவிற்சர்லாந்தில், கழகத்தில், சட்டப்படி. கடவுச்சீட்டை எடுத்து நீட்டினேன். தொலைபேசியில் அனுமதிப் பத்திரத்தின் படத்தைக் காட்டினேன். ரிவோல்வர் என்ற சொல் கேட்டதும் வெளியே நின்றவரும் உள்ளே வந்துவிட்டார். தயாளன் ஒரேயொரு தரம் என்னைப் பார்த்தார்.

"மகளோடு பேசலாமா ஐயா?"

அழைத்தேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். வெள்ளை மேலங்கியோடு, கையில் ஒரு வரிசைப் பல்லோடு ஆரணி தெரிந்தாள். தமிழ் கதைக்கிற பெரிய ஆம்பிளை யாரென்றாலும் மாமா என்று நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம்.

"வணக்கம் மாமா!"

அவர் கேட்டதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. "உங்களிட்டையும் இருக்குதா மாமா? உங்கடை பிடி மரமா, ரப்பரா?"

ஊரில் பிறந்த பிள்ளை எதுவும் கனவிலும் கேட்காத கேள்வி. வந்தவர் சிரித்தார். "ரப்பர், மகள்."

"ரப்பர் வேர்க்கும் என்ன மாமா?"

"ஆமாம். இங்கே வெயில்தானே."

ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பிடியைப் பற்றிப் பேசினார்கள். அவர் மரக் கன்னங்களைச் சாந்து அச்சில் பொருத்தித் தன் கையில் பிடித்துப் பார்த்து, தயாளனிடம் காட்டினார். "இடது பக்கம் மேலே கொஞ்சம் குழிக்க வேணும். இல்லாவிட்டால் வெற்றுத் தோட்டாக் கோது வெளியே வரும்போது மரத்தில் தட்டும்." எட்டு மாதத்தில் நாங்கள் யாருமே யோசிக்காத விசயம். "ஓ, சரி மாமா! நன்றி!" என்று ஆரணி கையசைத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பெருமூச்சு வந்தது. பார்த்தீர்களா, உண்மையைச் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று மனதுக்குள் ஒரு சின்னத் தடிப்புக்கூட.

அவர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். என் பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் எழுதினார். பிறகு தயாளன் பக்கம் திரும்பினார்.

"முழுப் பெயர்?"

பன்னிரண்டு வருடமாகத் தெரிந்த பெயர். தயாளன் சொன்னார். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், எந்த வருடம் பிடிபட்டது, எந்த முகாம், எப்போது வெளியே வந்தது, வெளிநாட்டில் யார் யார். எல்லாம் முதலிலிருந்து. கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது, வாய்ப்பாடு ஒப்புவிக்கிற பிள்ளைபோல. நான் அருகில் கடவுச்சீட்டோடு நின்றேன்.

"முடிந்ததும் கொண்டுவந்து காட்டுங்கள். ஃபோனையும் கொண்டு வாருங்கள்."

6

மோட்டார்சைக்கிள் சத்தம் ஓய்ந்தது. தயாளன் உட்கார்ந்து, உளியை எடுத்து, இடப்பக்கக் கன்னத்தின் மேலே பென்சிலால் ஒரு பிறை கீறினார். நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன்.

"அண்ணை, அவர் 'இது என்ன' எண்டுதானே கேட்டவர்?"

"ஓம்."

"நான் பிடி எண்டு சொல்லியிருப்பன். பிடிதானே? வைச்சுப்போட்டுப் போயிருப்பார்."

"தம்பி, நான் உண்மையை..."

"உண்மைதான் அண்ணை. நான் பிழை சொல்லேல்லை."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். தயாளன் பிறையைக் குழிக்கத் தொடங்கினார், வந்துபோனவர் சொன்ன அளவில்.

மற்ற நாள் காலை எண்ணெய் பூசிய பிடியையும் தொலைபேசியையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் அவர்களிடம் போனார். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணை, நீங்கள் கதைப்பியள்" என்றார். வசந்தி வீட்டுக் கேற்றடியில் நின்றேன். ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று.

"நடந்து நடந்து வளவை உழுதுபோட்டாய்" என்றாள் வசந்தி. "இனி வெங்காயம் நடலாம். வந்து குந்து." சொல்லிவிட்டு அவளும் கேற்றடிக்கு வந்து நின்றாள்.

மத்தியானம் தாண்டித்தான் வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பேப்பரில் சுற்றிய பிடியை என் கையில் தந்தார்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்லை. இருக்கச் சொன்னவை, இருந்தனான். ஃபோனைப் பாத்தவை. அழிச்ச படங்களையும் ஏதோ செய்து எடுத்துப்போட்டினம். ஏன் அழிச்சனி எண்டு கேட்டினம்." முகத்தைச் சேட்டுக் கையால் துடைத்தார். "வாற மாசமும் ஒருக்கா வரட்டாம்."

நான் வாயைத் திறக்க முன்னம் அவரே சொன்னார்.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ? நீங்கள் போனாப் பிறகு எனக்கு ஃபோன் எடுக்காதேங்கோ. ஒரு மூண்டு மாசத்துக்கு. மெசேச்சும் வேண்டாம். வசந்தியக்காவிட்டைச் சொல்லிவிடவும் வேண்டாம், அவவையும் கேப்பினம். வெளிநாட்டு நம்பர் ஒண்டு வந்தா அவைக்கு ஒரு கேள்வி கூடும்."

"பொருந்தினதோ எண்டு உங்களுக்குத் தெரிய வேண்டாமோ?"

சைக்கிளை ஒழுங்கைப் பக்கம் திருப்பினார். "தெரிய விருப்பம்தான்" என்றார். போய்விட்டார்.

7

வந்து ஐந்து கிழமை. சமையலறையில் நூற்றிருபது பேருக்குக் கிழங்கு அவிக்கிறேன், குப்பையைச் செவ்வாய்க்கிழமை வெளியே வைக்கிறேன். முந்தாநாள் ஆரணி சுடுதளத்திலிருந்து வந்து, கையை நீட்டி மூட்டைக் காட்டிவிட்டு, "தயாளன் மாமாவுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்புங்கோ அப்பா, நானும் ஒரு வொய்ஸ் போடுறன்" என்றாள்.

"ஏலாது."

"ஏன்? பத்துச் செக்கண்ட் வேலை."

உட்காரவைத்துச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது வரை. அவள் குறுக்கே பேசாமல் கேட்ட கதை என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். கேட்டு முடித்து, தன் பெருவிரலைத் தடவிப் பார்த்தாள்.

"நான் அந்த விசாரிக்க வந்த மாமாவோடை சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சனே அப்பா."

"நானும்தான் பிள்ளை."

"அவர் நல்லவர் மாதிரி இருந்தார்."

"ஓம். நல்லாத்தான் கதைச்சவர்."

அவள் தொலைபேசியைத் திறந்து, ஊரிலிருந்து நான் அனுப்பியிருந்த தயாளனின் மேசைப் படத்தையும் மரத்தின் படத்தையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. துவக்கைக் கண்டு நான் பயந்த பயம் அவளுக்கு வரக்கூடாதென்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்போது அவளும் படம் அழிக்கப் பழகிவிட்டாள். யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

தம்பி, உங்கள் பெயர் தயாளன் இல்லை. ஊரும் கொடிகாமம் இல்லை. வசந்தியும் வசந்தி இல்லை, மரத்தைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். போன் எடுக்கக் கூடாது என்றீர்கள், எடுக்கவில்லை. இதை எழுதி அனுப்புகிற பத்திரிகை உங்கள் பக்கத்துச் சந்திக் கடையில் தொங்கும் என்று தெரியும். யாராவது எதையாவது சுற்றிக்கொடுத்த பேப்பரிலாவது இது உங்கள் கண்ணில் படட்டும்.

பொருந்தியது. ஊசி துளைக்குள் தானாகவே போய் விழுந்தது. திருகாணியை விரலாலேயே முடுக்கினாள். பூட்டி முடித்து யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். ஒரு இடத்திலும் வெளிச்சம் வரவில்லை. கோது தட்டவில்லை. ஐந்து சனிக்கிழமை போய்விட்டது, பிள்ளையின் மூட்டு வீங்கவில்லை.

பதில் போட வேண்டாம்.